எல்லா மருத்துவ மாணவர்களும் கண்ணைப் பற்றி எதைக் கற்க வேண்டும்? பாடத்திட்டம் வகுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவம் பயிலும் மாணவர்களில் மிகச் சிலரே பின்னாளில் கண் மருத்துவராகிறார்கள். மற்ற அனைவருக்கும் கல்லூரியில் கண் மருத்துவத் துறையில் கழிக்கும் அந்தச் சில நாள்களே வாழ்நாளில் கண்ணைப் பற்றி முறையாகக் கற்கும் ஒரே வாய்ப்பு. அந்த நாள்களில் எதைக் கற்பிப்பது, எதை விடுவது, அதை யார் தீர்மானிப்பது என்று பாடத்திட்டக் குழுவினரும் புதிதாகக் கற்பிக்க வந்தவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, இந்தத் துறையில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கண் மருத்துவராகப் போகாத மாணவருக்குக் கண்ணைப் பற்றி எதற்குக் கற்பிக்க வேண்டும்?

கண்ணில் குறை உள்ளவர் நேராகக் கண் மருத்துவரிடம் போவதில்லை என்பதே முதல் காரணம். கண்ணில் ஏதோ தெறித்தவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். நீரிழிவு உள்ளவர் பொது மருத்துவரிடம் வருகிறார். மாறுகண் உள்ள குழந்தை தடுப்பூசி போடும் நாளில் குழந்தை மருத்துவரின் முன் உட்கார்ந்திருக்கிறது. இவர்களை முதலில் பார்க்கும் மருத்துவர் கண்ணைக் கவனிக்கவில்லையென்றால், அடுத்து கவனிக்க ஒருவர் இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த உலக அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு அருகிலோ தொலைவிலோ பார்க்கும் திறனில் குறை உள்ளது என்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது என்றும் கூறுகிறது. இவ்வளவு பேரையும் கண் மருத்துவர்கள் மட்டுமே தேடிப் பிடித்துவிட முடியாது. அந்த அறிக்கையும் கண் நலத்தை எல்லோருக்குமான பொதுச் சுகாதாரச் சேவையின் ஒரு பகுதியாக்கவே வலியுறுத்துகிறது. அப்படி ஆக்க வேண்டுமென்றால் அந்தச் சேவையில் பணியாற்றப்போகும் மருத்துவருக்குக் கண்ணைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் கல்லூரிதான் தர வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்பதற்கு அளவுகோல் என்ன?

ஒவ்வொரு தலைப்பையும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த நோயருடன் பொது மருத்துவர் எத்தனை முறை எதிர்ப்படுவார்? அவர் தவறவிட்டால் எவ்வளவு விரைவில், எவ்வளவு பெரிய இழப்பு நேரும்? கண் மருத்துவர் அல்லாத ஒருவரால் அந்த நேரத்தில் பயனுள்ளதாக ஏதாவது செய்ய முடியுமா?

கண்புரை முதல் கேள்வியாலேயே பாடத்துக்குள் வந்துவிடுகிறது, ஏனென்றால் அது எங்கும் உள்ளது. விழித்திரையின் மையத் தமனி அடைப்பு அரிது. ஆனாலும் இரண்டாம் கேள்வி அதை உள்ளே கொண்டுவருகிறது, ஏனென்றால் அது கண்ணில் வந்த பக்கவாதம், அந்த நோயரின் மூளைக்கும் இதயத்துக்கும் அதே வாரத்தில் ஆபத்து நேரக்கூடும். பரம்பரையாக வரும் கருவிழிப் படல நோய்களின் வகைபிரிவுகளோ மூன்று கேள்விகளிலும் தோற்றுப்போகின்றன. அவை அழகான படங்களைக் கொண்ட பாடம் என்பதையும், அவற்றைக் கற்பிப்பதில் ஆசிரியருக்குத் தனி மகிழ்ச்சி உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. எனக்கும் அந்த மகிழ்ச்சி இருந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டுதான் மாணவர் டார்ச் விளக்கைக் கையில் பிடித்துக் கண்மணியைச் சோதிக்கக் கற்றிருக்க வேண்டும்.

பாடநூலின் அத்தியாய வரிசையிலிருந்து தொடங்கும் பாடத்திட்டம் எப்போதும் நீண்டுகொண்டேதான் போகும். கதவைத் திறந்துகொண்டு வரும் நோயரின் முறையீட்டிலிருந்து, அதாவது ‘கண் சிவந்திருக்கிறது’, ‘திடீரென்று தெரியவில்லை’, ‘இரண்டிரண்டாகத் தெரிகிறது’ என்பவற்றிலிருந்து, தொடங்கினால் பாடம் தானாகவே ஓர் அளவுக்குள் நிற்கும்.

இதைக் கண் மருத்துவர்களே முடிவு செய்துவிடலாம் அல்லவா?

கூடாது. எங்கள் துறையினர் மட்டும் கூடி உட்கார்ந்தால் ஒரு சிறிய கண் மருத்துவரை உருவாக்கும் பாடத்திட்டமே வெளிவருகிறது. நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், கண் நீர் அழுத்த நோய்க்கான அறுவை சிகிச்சை முறைகளை மாணவருக்கு எத்தனை மணி நேரம் நடத்துவது என்று அரை நாள் விவாதித்தோம். விருந்தினராக அழைக்கப்பட்டிருந்த ஒரு பொது மருத்துவர் கடைசியில் எழுந்து, தான் படித்து முடித்த இருபது ஆண்டுகளில் அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும், ஆனால் அதற்காகப் போடப்படும் சொட்டு மருந்தால் ஆஸ்துமா நோயர் ஒருவருக்கு மூச்சிரைப்பு வந்ததைத் தான் நேரில் கண்டதாகவும் கூறினார். அவர் சொன்னது டிமோலால் என்ற மருந்தைப் பற்றி. கண்ணில் விடும் ஒரு சொட்டு கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் இதயத்தையும் பாதிக்கும் என்பது எங்கள் வரைவில் ஒரு வரியாகக்கூட இல்லை.

எனவே குழுவில் பொது மருத்துவர், அவசர சிகிச்சை மருத்துவர், குழந்தை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், செவிலியர், பார்வையை அளந்து கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஆகியோர் இருக்க வேண்டும். படிப்பை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன மருத்துவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எதைக் கற்காமல் தவித்தோம் என்பது அவர்களுக்குத்தான் பசுமையாக நினைவிருக்கும். பார்வையை இழந்த ஒருவரோ, இழக்கவிருந்து மீண்ட ஒருவரோ அந்த மேசையில் இருந்தால் பேச்சின் போக்கே மாறும்.

டெல்ஃபி முறை என்கிறார்களே, அது என்ன? அதை நம்பலாமா?

1950களில் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் உருவான கருத்தொருமிப்பு முறை அது. வல்லுநர்கள் நேரில் கூடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தலைப்புகளின் பட்டியல் அனுப்பப்படுகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு தேவை என்று அவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். எல்லோருடைய மதிப்பெண்களும் தொகுக்கப்பட்டு, யார் என்ன சொன்னார் என்று தெரியாதபடி, மீண்டும் அனைவருக்கும் அனுப்பப்படுகின்றன. மற்றவர்களின் போக்கைப் பார்த்த பிறகு தம் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளவோ அப்படியே வைத்துக்கொள்ளவோ ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளில் கருத்து ஓரிடத்தில் வந்து நிற்கிறது.

துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்துக் கை தூக்கும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை என்பதே இதன் பெரிய நன்மை. எத்தனை சதவீதத்தினர் ஒப்புக்கொண்டால் ஒரு தலைப்பு சேர்க்கப்படும் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு எல்லைக்கோட்டை நகர்த்துவது முறையன்று.

இதற்கு ஒரு பெரிய குறையும் உண்டு. ‘இது தேவையா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ‘தேவை’ என்றுதான் சொல்வார்கள். பட்டியல் வளரும், சுருங்காது. அதனால் மதிப்பெண்ணோடு மணிக்கணக்கையும் கேட்க வேண்டும்: மொத்தம் நாற்பது மணி நேரம்தான் உண்டு என்று வைத்துக்கொண்டு அதை நீங்களே பங்கிடுங்கள் என்று கேட்டால், ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை விட வேண்டும் என்ற உண்மை உடனே கண்முன் வந்து நிற்கும். பலரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு முடிவு சரியாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. நோயர் பதிவேடுகள் சொல்வதையும் அருகில் வைத்துக்கொண்டே இந்த முடிவுகளைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே சர்வதேசப் பாடத்திட்டம் ஒன்று இருக்கும்போது நாம் ஏன் புதிதாக உழைக்க வேண்டும்?

சர்வதேச கண் மருத்துவ மன்றம் மருத்துவ மாணவர்களுக்கான வழிகாட்டுதல்களை 2006இல் வெளியிட்டது. அதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது நல்லது. வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கும் டிரக்கோமா என்ற தொற்றுநோய் பரவலாக உள்ள பகுதியில் மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பது அன்றாடத் திறன், மற்ற இடங்களில் அது எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது. அந்தத் தெரிவை அந்தந்தப் பகுதியில் நோய்களின் பரவல் அறிந்தவர்களே செய்ய முடியும்.

எந்தத் திறன்கள் கையோடு வர வேண்டும்?

பார்வைத்திறனை அளப்பது முதலாவது. ஸ்னெல்லன் 1862இல் உருவாக்கிய எழுத்துப் பலகையை எல்லா மாணவர்களும் அறிவார்கள், ஆனால் ஒரு நோயரை அதன் முன் நிறுத்திச் சரியாக அளந்தவர்கள் குறைவு. வயதான ஒருவரிடம் ஒரு கண்ணை மூடச் சொன்னால் அவர் விரல்களால் மூடுகிறார். எழுத்து தெரியாதபோது விரல்களுக்கு இடையே சிறிய இடைவெளி விழுகிறது, அவருக்கே தெரியாமல் நல்ல கண் எட்டிப் பார்க்கிறது. அடுத்த கண்ணுக்கு வரும்போது முதல் கண்ணால் படித்த எழுத்துகள் மனப்பாடமாகியிருக்கின்றன. விரல்களால் அன்றி உள்ளங்கையால், விழியை அழுத்தாமல் மூடச் சொல்ல வேண்டும். இரண்டாம் கண்ணுக்கு வரியைக் கடைசி எழுத்திலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடி அணிபவரென்றால் அதை அணிந்தபடியே அளக்க வேண்டும். இவற்றை ஒரு மாணவர் பத்து நோயர்களிடம் செய்து பார்த்தால் போதும், வாழ்நாள் முழுதும் மறக்க மாட்டார். விரிவுரையில் நூறு முறை சொன்னாலும் இது வராது.

பார்வை குறைவாக இருந்தால் ஊசித்துளை வழியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓர் அட்டையில் குத்திய சிறு துளை வழியே எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டுத் தீர்க்கக்கூடிய குறை. தெளியாவிட்டால் கண்ணிலோ நரம்பிலோ நோயைத் தேட வேண்டும். இவ்வளவு எளிய கருவி மருத்துவத்தில் வேறில்லை.

அடுத்தது, டார்ச் விளக்கைக் கண்ணுக்குக் கண் மாற்றி மாற்றிக் காட்டும் கண்மணிச் சோதனை. அறையை மங்கலாக்கி, நோயரைத் தொலைவில் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்று விநாடி ஒளியை நிறுத்த வேண்டும். ஒளி வந்து விழும்போது கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தால் அந்தக் கண்ணின் பார்வை நரம்பிலோ விழித்திரையின் பெரும்பகுதியிலோ கோளாறு இருக்கிறது. கண்புரை எவ்வளவு முற்றியிருந்தாலும் இந்தக் குறியைத் தராது என்பதால், ‘புரைதான்’ என்று சொல்லி அனுப்பப்படவிருந்த நோயரில் வேறு நோயைக் காட்டிக்கொடுப்பதும் இந்தச் சோதனையே. பாடத்திட்டத்தில் ஒரே ஒரு செய்முறைக்குத்தான் இடம் உண்டு என்று யாராவது சொன்னால், பார்வைத்திறனை அளப்பதற்கு அடுத்து நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன்.

இவற்றோடு, எதிரெதிரே அமர்ந்து விரல்களைக் காட்டிப் பார்வைப் புலத்தைச் சோதிப்பது, கண்ணின் அசைவுகளைப் பார்ப்பது, ஃப்ளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் கருவிழியின் புண்ணைக் காண்பது, மேல் இமையைத் திருப்பி ஒட்டியிருக்கும் தூசியை எடுப்பது, சொட்டு மருந்தைச் சரியாக விடுவது ஆகியவை போதும்.

ஆஃப்தல்மாஸ்கோப்பை இனியும் கற்பிக்க வேண்டுமா?

ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் இந்தக் கருவியை உலகுக்கு அறிவித்தபோது உயிருள்ள ஒருவரின் கண்ணுக்குள் விழித்திரையை முதல்முறையாகக் காண முடிந்தது. அந்தப் பெருமை குறையாது. ஆனால் நேரடி ஆஃப்தல்மாஸ்கோப்பில் படம் ஏறத்தாழ 15 மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 5 பாகை அகலமே. சாவித் துளை வழியே ஒரு கூடத்தைப் பார்ப்பது போன்றது. விரியாத கண்மணி வழியாக, அவசரத்தில், எப்போதோ ஒருமுறை இதைப் பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியாததால் அவர் அதை எடுப்பதையே விட்டுவிடுகிறார். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டிய அறிகுறிகளுடன் அவசர சிகிச்சைக்கு வந்த 350 பேரில் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே அங்கிருந்த மருத்துவர்கள் அந்தச் சோதனையைச் செய்திருந்தனர். ஆனால் எல்லோரையும் கேமராவில் படம் எடுத்துப் பார்த்தபோது 13 சதவீதத்தினரிடம் சிகிச்சையை மாற்றக்கூடிய மாற்றங்கள் இருந்தன.

ஆகவே என் கருத்து இது. கையடக்க ஆஃப்தல்மாஸ்கோப்பைக் கொண்டு, கண்மணி வழியே ஒளியைச் செலுத்தும்போது உள்ளிருந்து தெரியும் சிவப்பு ஒளிப் பிரதிபலிப்பைக் காண எல்லோரும் கற்க வேண்டும். கண்மணியை மருந்திட்டு விரித்த நோயரிடம் பார்வை நரம்பின் தலையைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு மேல் கருவியோடு போராடும் நேரத்தை, விழித்திரைப் படங்களைப் படிப்பதில் செலவிடலாம். வீங்கிய நரம்புத்தலை எது, இயல்பானது எது, நீரிழிவின் இரத்தக் கசிவு எது என்று ஐம்பது படங்களைப் பார்த்துப் பழகியவர், பின்னாளில் கேமராவோ கைபேசி இணைப்போ கிடைக்கும்போது உடனே பயன்படுத்திக்கொள்வார்.

எந்த அவசர நிலைகளை விட்டுவிடவே கூடாது?

இரசாயனம் பட்ட கண்ணிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இங்கே நிமிடங்கள் கணக்கு. பார்வையை முதலில் அள என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு: பெயர் கேட்பதற்கு முன்பே கழுவத் தொடங்க வேண்டும். சுத்தமான தண்ணீர் எது கிடைத்தாலும் போதும், உப்பு நீர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மரத்துப்போகும் சொட்டு ஒன்றை விட்டு, இமைகளை அகலப் பிரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் இடைவிடாமல் நீரை ஓடவிட வேண்டும். பிறகு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, கீழிமையின் உட்புறத்தில் லிட்மஸ் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். நடுநிலைக்கு வரவில்லையென்றால் மீண்டும் கழுவ வேண்டும். சுண்ணாம்பு போன்றவை பட்டிருந்தால் இமையைத் திருப்பித் துகள்களைத் துடைத்தெடுக்காத வரை எவ்வளவு கழுவியும் பயனில்லை. அமிலத்தைவிடக் காரம் கொடியது: அமிலம் பட்ட இடத்தில் புரதத்தை உறையச் செய்து தனக்குத் தானே தடையாகிவிடுகிறது, காரமோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இந்தச் செய்முறையை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது பொம்மை முகத்தில் முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணம் அடைபட்டு அழுத்தம் திடீரென உயரும் கடுமையான கோண அடைப்பு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா தலைவலியோடும் ஓயாத வாந்தியோடும் ஓர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். இரவு முழுவதும் வயிற்றுக்கும் தலைக்கும் மருந்து தரப்பட்டது. வலியில் அவர் கண்ணை இறுக மூடியிருந்ததால் யாரும் இமையைத் திறக்கவில்லை. காலையில் ஒருவர் திறந்து பார்த்தபோது கண் சிவந்து, கருவிழி பனி படிந்த கண்ணாடியைப் போல மங்கி, கண்மணி பாதி விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றது. அழுத்தம் குறைக்கப்பட்டது, அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை. தலைவலியும் வாந்தியும் என்று வரும் ஒவ்வொருவரின் இமையையும் திறந்து பார் என்ற ஒரு வாக்கியத்தை அந்த இரவில் பணியில் இருந்தவர்களுக்கு யாராவது கற்பித்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐம்பது வயதைக் கடந்தவர் புதிய தலைவலி, தலை சீவும்போது வலி, மெல்லும்போது தாடையில் வலி ஆகியவற்றோடு பார்வை மங்கி வந்தால், தலையின் தமனிகளில் வரும் பெருஞ்செல் தமனி அழற்சியை நினைக்க வேண்டும். திசுச் சோதனைக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றொரு கண்ணும் சில நாள்களிலேயே போகக்கூடும். இமை தொங்கி, கண் வெளிப்புறமும் கீழுமாக விலகி, கண்மணி விரிந்து, தலைவலியும் இருந்தால் மூளைத் தமனியின் வீக்கத்தை நினைத்து உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். மின்னல் கீற்றுகளும் புதிய கரும்புள்ளிகளும் தோன்றி ஓரத்திலிருந்து திரை விழுவதுபோல இருக்கிறது என்றால் விழித்திரை பிரிகிறது. மையப் பகுதி பிரிவதற்கு முன் அனுப்பினால் நடுப் பார்வையைக் காக்கலாம். விழி கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அழுத்தக் கூடாது, பஞ்சு வைத்துக் கட்டக் கூடாது. கண்ணைத் தொடாத கடினமான மூடி வைத்து அனுப்ப வேண்டும். சுத்தியலால் இரும்பை அடித்தபோது ‘ஏதோ பட்டது’ என்று சொல்பவரின் கண் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்புத் துகள் இருக்கலாம். கண் அறுவை சிகிச்சை முடிந்த சில நாள்களில் வலியும் மங்கலும் வந்தால் அது அன்றே பார்க்க வேண்டிய கிருமித் தொற்று.

சிவந்த கண்ணுக்கு மட்டும் ஏன் தனியாக நேரம் கேட்கிறீர்கள்?

பொது மருத்துவர் அன்றாடம் காணும் கண் நோயர் பெரும்பாலும் இவரே. இவர்களில் மிகப் பலருக்கு ஒரு வாரம் பத்து நாள்களில் தானாக ஆறும் கண்வலிதான் இருக்கும். எஞ்சிய சிலரைப் பிரித்தெடுப்பதே திறன். பார்வை குறைந்திருக்கிறதா, உறுத்தலாக இல்லாமல் ஆழ்ந்த வலியா, வெளிச்சம் கூசுகிறதா, கருவிழியில் வெண்புள்ளி தெரிகிறதா, காண்டாக்ட் லென்ஸ் அணிபவரா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அது சாதாரணக் கண்வலி அன்று.

இங்கே கற்பிக்க வேண்டிய மிக முக்கியமான பாடம், செய்யக் கூடாததைப் பற்றியது. சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்காமல் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஹெர்பஸ் கிருமியால் வந்த புண்ணாக இருந்தால், ஃப்ளோரசின் சாயத்தில் மரக்கிளையைப் போலத் தெரியும் அந்தப் புண், ஸ்டீராய்டால் பரந்து ஆழ்ந்து கருவிழியைக் கெடுத்துவிடும். நோயருக்கு முதலிரண்டு நாள் சிவப்பு குறைவதால் மருந்து வேலை செய்கிறது என்றே தோன்றும், அதுதான் ஆபத்து. மரத்துப்போகும் சொட்டு மருந்தை வலிக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் கூடாது.

குழந்தைகளின் கண்ணைப் பற்றி எவ்வளவு?

குறைவான செய்திகள், ஆனால் உறுதியாக. குழந்தை தனக்குப் பார்வை இல்லை என்று சொல்லாது. ஒரு கண்ணால் மட்டும் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு அதுவே உலகம். மூளை பார்வையைக் கற்றுக்கொள்ளும் காலம் குழந்தைப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளே. அந்தக் காலத்தில் புரையோ மாறுகண்ணோ பெரிய கண்ணாடிக் குறையோ கவனிக்கப்படாவிட்டால் கண் சோம்பலாகிவிடும். பிறகு காரணத்தை நீக்கினாலும் பார்வை முழுமையாக வருவது அரிது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற சொல்லை மாணவர் தம் வாயால் எப்போதும் சொல்லக் கூடாது.

பிறந்த குழந்தையின் சிவப்பு ஒளிப் பிரதிபலிப்பைப் பார்ப்பது எல்லோருக்கும் வர வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஒரு தாய் கைபேசியை நீட்டினால், அது கேமராவின் கோளாறு என்று ஒதுக்காமல் அந்த வாரமே அனுப்ப வேண்டும். அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம், அந்த நிலையில் உயிரே பணயம். குறை மாதத்தில் பிறந்து ஆக்ஸிஜன் பெற்ற குழந்தையின் விழித்திரையைப் பிறந்து சுமார் நான்கு வாரங்களில் சோதிக்க வேண்டும் என்பதும், அந்த நாளை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுத வேண்டியவர் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவரே என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ தர வேண்டும் என்பதையும் இங்கேயே கற்பிக்கலாம்.

பொது நோய்களும் மருந்துகளும் கண்ணைப் பாதிப்பதை யார் நடத்துவது?

பொது மருத்துவத் துறையோடு சேர்ந்து நடத்துவதே நல்லது. இரண்டாம் வகை நீரிழிவைக் கண்டறிந்த அன்றே விழித்திரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். பார்வை மங்கும் வரை காத்திருந்தால் நோய் முற்றியிருக்கும். ஸ்டீராய்டு எந்த வழியாகக் கொடுத்தாலும் புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரலாம். காசநோய்க்கு, பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடிய எதாம்பியூட்டால் மருந்தைத் தொடங்கும்போது பார்வைத்திறனையும் நிறப்பார்வையையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். மூட்டு அழற்சி போன்றவற்றுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் தர வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இந்த மருந்துகளை எழுதுபவர் கண் மருத்துவர் அல்லர் என்பதால்தான் இந்தப் பாடம் எல்லோருக்கும் உரியது.

அப்படியானால் எதை விட்டுவிடலாம்?

அறுவை சிகிச்சைகளின் படிநிலைகள், லென்ஸ் அளவுக் கணக்கீடு, கண்ணாடி எண் எழுதும் நுட்பம், அரிய நோய்களின் வகைபிரிவு. இவற்றை விரும்பும் மாணவருக்கு விருப்பப் பாடமாக வைக்கலாம்.

கண் மருத்துவத்துக்குத் தனிக் காலம் வேண்டுமா, மற்ற பாடங்களோடு கலந்துவிடலாமா?

இரண்டும் வேண்டும். கலந்துவிட்டால் மாணவர் கண்ணைத் தனி உறுப்பாக எண்ணாமல் முழு நோயரோடு சேர்த்துப் பார்ப்பார். ஆனால் முழுவதும் கலந்துவிட்ட பாடத்துக்குப் பொறுப்பாளர் இருப்பதில்லை. ஒவ்வொரு துறையும் மற்றொரு துறை நடத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. கையால் செய்யும் சோதனைகளுக்குத் தனியாக ஓரிரு வாரங்களும், எங்கெங்கே என்ன நடத்தப்படுகிறது என்று கணக்கு வைத்திருக்க ஒரு தனி ஆசிரியரும் அவசியம்.

கற்றதைத் தேர்வில் எப்படிச் சோதிப்பது?

தேர்வில் கேட்கப்படாததை மாணவர் படிப்பதில்லை. இதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் சொன்ன திறனின் நான்கு படிகள், அதாவது அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், உண்மைப் பணியில் செய்தல் என்பவை, இங்கே நேராகப் பொருந்துகின்றன. எழுத்துத் தேர்வு முதல் இரண்டைத்தான் எட்டும். 1975இல் ரொனால்டு ஹார்டனும் அவருடைய குழுவினரும் அறிமுகப்படுத்திய நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் செய்முறைத் தேர்வு மூன்றாம் படியை எட்டும். ஒரு நிலையத்தில் கண்மணிச் சோதனை, ஒன்றில் இரசாயனம் பட்ட கண், ஒன்றில் மூன்று விழித்திரைப் படங்கள், ஒன்றில் அனுப்புகைக் கடிதம். கடிதத்தைத் தவறாமல் வைக்க வேண்டும்: ஒவ்வொரு கண்ணின் பார்வைத்திறன், எப்போது தொடங்கியது, என்ன தரப்பட்டது, எவ்வளவு அவசரம் என்ற நான்கும் இல்லாத கடிதம் எங்கள் வாசலில் அன்றாடம் வந்து நிற்கிறது.

பார்வை திரும்பாத நோயரிடம் நடந்துகொள்வதையும் கற்பிக்க வேண்டுமா?

கட்டாயம். அறைக்குள் நுழைந்ததும் பெயர் சொல்லி யார் என்று தெரிவிப்பது, தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது, நடக்க உதவும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கைக்கு மேலே அவர் பற்றிக்கொள்ள இடம் கொடுத்து அரையடி முன்னே நடப்பது, வெளியேறும்போது சொல்லிவிட்டு வெளியேறுவது. ஒரு மாணவரின் கண்ணைக் கட்டி, இன்னொரு மாணவர் அவரை மருத்துவமனையின் படிக்கட்டில் இறக்கிக் கொண்டுவரட்டும். அரை மணி நேரம் போதும். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, மறுவாழ்வுப் பயிற்சிக்கும் குறைபார்வைக் கருவிகளுக்கும் எங்கே அனுப்புவது என்று தெரிந்திருப்பதும் மருத்துவம்தான்.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திருத்த வேண்டும்?

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் விடக் கூடாது. நீரிழிவு விழித்திரை நோயை மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு 2018இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அதன் விடையை எப்போது நம்புவது, படம் தெளிவாக இல்லாதபோது என்ன செய்வது என்பவை பத்தாண்டுகளுக்கு முன் எந்தப் பாடத்திலும் இல்லாதவை.

திருத்துவதற்கான செய்தியைத் தேடிக் கருத்தரங்குகளுக்குப் போவதற்கு முன், படிப்பை முடித்து ஓராண்டு பணியாற்றிய மருத்துவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள்: ‘கண் தொடர்பாக வந்தவர்களில் எந்த நோயரின் முன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?’ வரும் விடைகளை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடத்திட்டத்தின் நகலை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.